பிழை யாருடையது?

1975-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அல்புகர்க்கி நகரை நோக்கி ஓர் இளைஞர் விமானத்தில் சென்றுகொண்டிருந்தார். அவர் பெயர் பால் ஆலன். அவருடன் இருந்தது ஒரு காகித நாடாச் சுருள். அந்நாடாவில் வரிசை வரிசையாகத் துளையிடப்பட்டிருந்தது 'பேசிக்' என்னும் கணிப்பொறி மொழிக்கான ஆணைத் தொகுப்பு. அதனை இயக்கவேண்டிய 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறியை அவரும் சரி, அவருடன் உழைத்த பில் கேட்ஸும் சரி, பத்திரிகை ஒன்றின் அட்டையில் படமாகக் கண்டதைத் தவிர, அதுவரை தொட்டு இயக்கியதே இல்லை!

அப்படியானால் அந்த ஆணைத் தொகுப்பை அவர்கள் சரிபார்த்தது எங்ஙனம்? ஆல்டேரின் உள்ளே இருந்தது இன்டெல் நிறுவனத்தின் 8080 என்னும் பிராசஸர். அதன் கையேட்டைப் படித்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த பி.டி.பி-10 என்னும் பெரிய கணிப்பொறியை அந்தச் சிறிய பிராசஸரைப் போலவே நடிக்க வைத்தார் ஆலன். அந்த நடிப்பின் மீதுதான் 'பேசிக்' எழுதப்பட்டது, திருத்தவும் பட்டது.

விமானம் தரையிறங்க இருந்த வேளையில் அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. நாடாவிலுள்ளதைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் சிறிய தொடக்க ஆணைத் தொகுப்பை எழுத அவர்கள் மறந்தே போயிருந்தனர். நடிக்கும் பொறியோடு பழகிய வரையில் அக்குறை தெரியவில்லை. மெய்யான பொறியின் முன் போய் நிற்கும் நேரத்தில்தான் தெரிந்தது. விமானத்தில் இருந்தபடியே காகிதமும் பேனாவும் எடுத்து அதனை எழுதி முடித்தார். மறுநாள் மெய்யான ஆல்டேரில் நாடா ஏற்றப்பட்டது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்ற கேள்விக்கு அப்பொறி 4 என்று விடை தந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வரலாறு அந்த விடையிலிருந்துதான் தொடங்குகிறது.

வாசக நேயர்களே! இந்நிகழ்ச்சியில் இருவகைப் பொறிகளை நாம் காண்கின்றோம். ஒன்று நடிக்கும் பொறி. அதன் பெயர் சிமுலேட்டர். மற்றொன்று பிராசஸர், நினைவகம், மின்கம்பிகள் எல்லாம் பொருத்தப்பட்ட மெய்யான போர்டு. நம் இல்லங்களிலுள்ள துணி துவைக்கும் இயந்திரம் முதல், மருத்துவமனையில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் பம்பு வரை எல்லாவற்றின் உள்ளேயும் இத்தகைய போர்டு ஒன்று ஒளிந்திருக்கின்றது. அதில் இயங்கும் ஆணைத் தொகுப்பில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. அதுவே டிபக்கர். அந்த டிபக்கரே பிழை செய்தால்? பிழை காணும் கருவியைப் பரீட்சிப்பவர் யார்? அப்பரீட்சையில் தோல்வி என்று வந்தால் பழியை யார்மீது சுமத்துவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிபக்கர் செய்யும் பணி

ஓர் ஆணைத் தொகுப்பு விநாடிக்கு இலட்சக்கணக்கான ஆணைகளை நிறைவேற்றிக்கொண்டு விரைகின்றது. எங்கே தடம் புரண்டது என்பதை மனிதக் கண்ணால் காண இயலாது. டிபக்கர் அதனை நாம் விரும்பும் இடத்தில் நிறுத்துகின்றது. ஒவ்வோர் அடியாக நடத்துகின்றது. நினைவகத்தில் எந்த எண் எங்கே இருக்கின்றது என்பதைத் திறந்து காட்டுகின்றது. எவர் எவரை அழைத்ததால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதையும் பின்னோக்கிச் சொல்கின்றது.

நிறுத்துவது எப்படி என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். நிற்கவேண்டிய இடத்திலுள்ள ஆணையை டிபக்கர் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, அவ்விடத்தில் 'நில்' என்னும் வேறோர் ஆணையை வைத்துவிடுகின்றது. இன்டெல் வகைப் பிராசஸர்களில் அவ்வாணையின் எண் 204. அந்த எண்ணைக் கண்டதும் பிராசஸர் நின்றுவிடும். நாம் பார்க்கவேண்டியதைப் பார்த்து முடித்தபின், பழைய ஆணையைத் திரும்ப வைத்து ஓட்டத்தைத் தொடரச் செய்கின்றது. அயலார் வீட்டுப் பொருளைச் சிறிது நேரம் எடுத்துவிட்டு, அவர் அறியாவண்ணம் இருந்த இடத்திலேயே வைப்பதைப் போன்ற நுட்பமான வேலை இது. எடுத்ததைத் திரும்ப வைக்க ஒருமுறை தவறினாலும் போதும். நல்ல ஆணைத் தொகுப்பும் கெட்டதாகிவிடும்.

இத்துறையில் உலகெங்கும் புகழ்பெற்றது 'ஜிடிபி' என்னும் டிபக்கர். இதனை 1986-ஆம் ஆண்டில் எழுதியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். யார் வேண்டுமானாலும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு அவர் அதை வெளியிட்டார். 1989-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட 'சிக்னஸ்' என்னும் நிறுவனம் அதனைப் பல்வேறு பிராசஸர்களுக்கு ஏற்றவாறு வளர்த்தது. ஒரு பிராசஸருக்காகச் செய்யும் திருத்தம் மற்றொரு பிராசஸரில் கேடு விளைவிக்கக்கூடும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் எல்லாவற்றையும் மீண்டும் பரீட்சிக்கவேண்டிய கட்டாயம் எழுந்தது. அதற்கென 1990-களின் தொடக்கத்தில் அங்கே உருவானதுதான் 'டெஜாநு' என்னும் பரீட்சைப் பொறிமுறை. 'இதை முன்பே கண்டிருக்கிறோமே' என்று மனத்தில் தோன்றும் உணர்வைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரை வைத்து இட்ட விளையாட்டுப் பெயர் அது. பொருத்தமான பெயர்தான். முன்பு திருத்திய பிழை மறுபடியும் தலைகாட்டினால் உடனே அடையாளம் கண்டு சொல்வதே அதன் தலையாய பணி.

பரீட்சை நடக்கும் விதம்

பரீட்சை நடக்கும் முறை, ஓர் ஆசிரியர் மாணவனிடம் வாய்மொழித் தேர்வு நடத்துவதை ஒத்தது. முதலில் ஒரு சிறிய ஆணைத் தொகுப்பு எழுதப்படுகின்றது. அதில் என்ன இருக்கின்றது என்பது பரீட்சகருக்கு முன்கூட்டியே தெரியும். அது போர்டுக்கு ஏற்றவாறு மொழிபெயர்க்கப்பட்டு ஏற்றப்படுகின்றது. பின்னர் 'இன்ன வரியில் நிறுத்து' என்று டிபக்கருக்குக் கட்டளை பிறக்கின்றது. 'நிறுத்தினேன், இன்ன வரியில் நிற்கின்றேன்' என்ற மறுமொழி வரவேண்டும். எதிர்பார்த்த சொற்கள் வந்தால் வெற்றி; வேறு சொற்கள் வந்தால் தோல்வி; குறித்த நேரத்துக்குள் ஒன்றுமே வரவில்லையென்றால் அதுவும் தோல்வியே. ஜிடிபிக்கு இத்தகைய கேள்விகள் பல்லாயிரம் உள்ளன. மனிதர் எவரும் அருகிருந்து கேட்பதில்லை. இரவு முழுதும் பொறியே கேட்டு, விடைகளைப் பொறியே குறித்துவைக்கின்றது.

டிபக்கர் மேசைமீதுள்ள கணிப்பொறியில் இருக்கும். பரீட்சைக்கான ஆணைத் தொகுப்போ போர்டில் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு கம்பி. அக்கம்பியின் வழியே செல்லும் செய்திகளுக்கும் ஒழுங்கான நடைமுறை உண்டு. ஒவ்வொரு செய்தியும் டாலர் குறியுடன் தொடங்கி, '#' என்னும் குறியுடன் முடியும். அதன்பின் ஒரு சரிபார்ப்பு எண் வரும். எடுத்துக்காட்டாக, பிராசஸரின் உள் எண்கள் அனைத்தையும் கேட்பதற்கு ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஜி' ஒன்றே போதும். கணிப்பொறியில் அவ்வெழுத்தின் மதிப்பு 103. பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் அது 67. ஆகவே '67' என்ற எண் செய்தியின் வாலாகச் செல்கின்றது. பெறும் பக்கம் தானும் கூட்டிப் பார்த்துச் சரியென்றால் கூட்டல் குறியையும், தவறென்றால் கழித்தல் குறியையும் திருப்பி அனுப்பும். கழித்தல் குறி வந்தால் செய்தி மறுபடியும் அனுப்பப்படும். கம்பியில் இரைச்சல் புகுந்து செய்தி சிதைந்தாலும் பொய்ச் செய்தி மெய்யென ஏற்கப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இரண்டு பரீட்சை மண்டபங்கள்

இதே பரீட்சையைச் சிமுலேட்டரிலும் நடத்தலாம், போர்டிலும் நடத்தலாம். இரண்டுக்கும் நன்மைகள் உள்ளன, குறைகளும் உள்ளன.

சிமுலேட்டர் வசதியானது. கம்பி வேண்டியதில்லை, மின்சாரக் கோளாறு இல்லை. ஆயிரம் முறை நடத்தினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பிராசஸர் தொழிற்சாலையிலிருந்து வெளிவருமுன்னரே அதற்கான டிபக்கரைப் பரீட்சித்துவிடலாம். ஆனால் அது கையேட்டில் எழுதியிருப்பதை மட்டுமே அறியும். கையேட்டை எழுதியவர் விட்டுவிட்டதை அதுவும் விட்டுவிடும். பல சிமுலேட்டர்களில் நினைவகம் தொடக்கத்தில் சுத்தமாக, எல்லா இடத்திலும் சுழியமாக இருக்கும். மெய்யான போர்டில் மின்சாரம் பாய்ந்த கணத்தில் நினைவகத்தில் என்ன கிடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஓர் எண்ணுக்குத் தொடக்க மதிப்புக் கொடுக்க மறந்த ஆணைத் தொகுப்பு, சிமுலேட்டரில் வெற்றி பெற்றுப் போர்டில் வீழ்வது இதனால்தான்.

போர்டு அப்படியன்று. அது உண்மையைச் சொல்லும். ஆனால் முணுமுணுத்துக்கொண்டே சொல்லும். சூடேறும், தளர்ந்த கம்பியால் தடுமாறும், ஒருமுறை உறைந்து நின்றுவிட்டால் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தரும் வரை பேசாது. ஆயினும் இறுதியில் மக்களின் கைக்குச் செல்வது போர்டுதான், சிமுலேட்டர் அன்று.

தோல்வி வந்தால் யாரை ஐயுறுவது?

காலையில் வந்து பார்க்கும் பொறியாளருக்கு முன் ஒரு பட்டியல் இருக்கும். இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி. அனுபவமில்லாதவர், 'டிபக்கர் கெட்டுவிட்டது' என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். அனுபவமுள்ளவரோ தீர்ப்புச் சொல்வதில்லை, விசாரணையைத் தொடங்குவார். ஏனெனில் அந்த ஒரு தோல்விக்குப் பின்னால் குறைந்தது ஆறு பேர் குற்றவாளிகளாக இருக்கக்கூடும்: டிபக்கர், மொழிபெயர்க்கும் கம்பைலர், சிமுலேட்டர், போர்டு, இடையிலுள்ள கம்பி, கேள்வித்தாளாகிய பரீட்சையே. அவற்றுள் சில வழக்குகளை இங்குக் காண்போம்.

முதலாவது, நேரம் போதாமை. பழைய சீரியல் கம்பி விநாடிக்கு 9600 துடிப்புகளை அனுப்பும் என்று கொள்வோம். ஓர் எழுத்துக்குப் பத்துத் துடிப்புகள் வேண்டும் என்பதால், விநாடிக்கு 960 எழுத்துகளே செல்லும். 64 கிலோபைட் அளவுள்ள ஆணைத் தொகுப்பின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்துகளாக எழுதி அனுப்பினால் 1,31,072 எழுத்துகள். அவை போய்ச் சேர இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகும். பரீட்சகர் 10 விநாடிக்கு மேல் காத்திருக்கமாட்டேன் என்றால் தோல்வி என்றே எழுதுவார். இங்கே டிபக்கரின் குற்றம் ஏது? காத்திருக்கத் தெரியாதவரின் குற்றமே அது.

இரண்டாவது, காவல் கடிகாரம். பெரும்பாலான போர்டுகளில் 'வாட்ச்டாக்' என்னும் காவல் கடிகாரம் ஒன்று இருக்கும். ஆணைத் தொகுப்பு 'நான் உயிரோடிருக்கிறேன்' என்று அதற்கு அடிக்கடி தெரிவித்துக்கொண்டே இருக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால், அது உறைந்துவிட்டதெனக் கருதிக் கடிகாரம் போர்டையே மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஓடச் செய்யும். டிபக்கர் ஆணைத் தொகுப்பை நிறுத்திவைத்திருக்கும்போது அது எவ்வாறு தெரிவிக்கும்? நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்டு கையை உதறிக்கொண்டு ஓடிவிடுகின்றது. இங்கும் எவரும் தவறு செய்யவில்லை. அவரவர் கடமையை அவரவர் செய்தனர்; ஒருவரையொருவர் அறியவில்லை. பரீட்சையின்போது அக்கடிகாரத்தையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே தீர்வு.

மூன்றாவது, எழுத முடியாத நினைவகம். 'நில்' என்னும் ஆணையை இடையில் வைக்கவேண்டுமானால், அவ்விடம் எழுதக்கூடியதாக இருக்கவேண்டும். சிமுலேட்டரில் எங்கும் எழுதலாம். போர்டிலோ ஆணைத் தொகுப்பு பிளாஷ் நினைவகத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அங்கே நினைத்தவுடன் ஒரு பைட்டை மாற்றிவிட முடியாது. அதற்கெனப் பிராசஸரின் உள்ளேயே சில நிறுத்தப் புள்ளிகள் வன்பொருளாக அமைக்கப்பட்டிருக்கும். அவை மிகச் சில; இன்டெல் வகைப் பிராசஸர்களில் நான்கே. ஐந்தாவதைக் கேட்கும் பரீட்சை போர்டில் தோற்கும்; சிமுலேட்டரில் வெல்லும்.

நான்காவது, கேச் என்னும் அவசர நினைவகம். டிபக்கர் 'நில்' என்று எழுதிவைக்கின்றது. பிராசஸரோ அவ்விடத்து ஆணையை முன்பே படித்துத் தன் கேச்சில் பிரதி எடுத்து வைத்திருக்கின்றது. புதியதைப் பாராமல் பழைய பிரதியின்படியே நடந்து, நிற்காமல் போய்விடுகின்றது. எழுதியபின் பழைய பிரதியை அழிக்கச் சொல்லாதது டிபக்கரின் அல்லது போர்டிலுள்ள அதன் துணைவனின் குற்றம். கேச்சை நடித்துக் காட்டாத எளிய சிமுலேட்டரில் இப்பிழையை நூறு ஆண்டுகள் தேடினாலும் காணமுடியாது.

ஐந்தாவது, தொடர் தோல்வி. ஒரு பரீட்சையில் போர்டு உறைந்துவிட்டால், அதன்பின் வரும் முந்நூறு பரீட்சைகளும் வரிசையாகத் தோற்கும். முந்நூறு பிழைகள் என்று அஞ்சவேண்டியதில்லை, பிழை ஒன்றே. முதல் தோல்வியைக் கண்டுபிடித்துத் திருத்தினால் மற்றவை தாமே அகன்றுவிடும்.

விசாரணையின் ஒழுங்குமுறை

இத்தகைய விசாரணைக்கு இத்துறையினர் வகுத்துக்கொண்ட ஒழுங்குமுறை, வேறு துறையினர்க்கும் பயன்படத்தக்கது.

முதலில் சுருக்கப் பட்டியலோடு நின்றுவிடக்கூடாது. டெஜாநு இரண்டு ஏடுகளை எழுதுகின்றது. ஒன்றில் வெற்றி தோல்வி மட்டும் இருக்கும். மற்றொன்றில் கேட்ட கேள்வியும் வந்த மறுமொழியும் சொல்லுக்குச் சொல் இருக்கும். உண்மை இரண்டாவது ஏட்டில்தான் உள்ளது. முதல் தோல்விக்கு முந்திய பத்து வரிகளைப் படித்தாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

அடுத்து, நேற்றைய பட்டியலோடு ஒப்பிடவேண்டும். நேற்று வென்றது இன்று தோற்றால், இடையில் மாறியது என்ன என்று கேட்கவேண்டும். நேற்றும் தோற்றிருந்தால் அது பழைய வழக்கு.

பின்னர், தோற்ற பரீட்சையைத் தனியே எடுத்து, போர்டைப் புதிதாகத் தொடங்கி, மூன்று நான்கு முறை நடத்திப் பார்க்கவேண்டும். எப்போதும் தோற்கின்றதா, சில வேளை மட்டும் தோற்கின்றதா? சில வேளை மட்டும் என்றால் கம்பியையும் நேரத்தையும் ஐயுறவேண்டும். அதன்பின் அதே பரீட்சையைச் சிமுலேட்டரில் நடத்தவேண்டும். இரண்டிலும் தோற்றால் ஐயம் டிபக்கர், கம்பைலர், கேள்வித்தாள் ஆகியவற்றின் பக்கம் சாயும். போர்டில் மட்டும் தோற்றால் ஐயம் போர்டு, கம்பி, கேச் ஆகியவற்றின் பக்கம் சாயும். ஆயினும் டிபக்கர் முற்றிலும் விடுதலையாகிவிடாது. மேலே நாம் கண்ட கேச் வழக்கே அதற்குச் சான்று. சிமுலேட்டரில் மட்டும் தோற்றால், நடிகர் தம் பாத்திரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று கருத இடமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. கம்பியையும் மாற்றி, போர்டையும் மாற்றி, பிழை போய்விட்டதென மகிழ்ந்தால், குற்றவாளி யாரென்பது என்றைக்கும் தெரியாது. அவன் எங்கோ ஒளிந்திருந்து மீண்டும் வருவான்.

நேர்மையான ஏடு

இங்கு மனத்தைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. இப்பரீட்சைகளில் வெற்றி, தோல்வி என்ற இரண்டு தீர்ப்புகள் மட்டுமல்ல, வேறு சிலவும் உள்ளன. 'தோற்கும் என எதிர்பார்த்தோம். தோற்றது' என்பது ஒன்று. 'தோற்கும் என எதிர்பார்த்தோம். ஆனால் வென்றுவிட்டது' என்பது மற்றொன்று. 'பரீட்சிக்கவில்லை', 'இந்தப் போர்டில் இவ்வசதியே இல்லை', 'முடிவு சொல்ல இயலவில்லை' என்பனவும் உண்டு.

ஜிடிபியைப் பேணுவோர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். எதிர்பார்த்த தோல்வியையே இரண்டாகப் பிரித்தனர். கம்பைலர், போர்டு முதலிய பிறரின் குறையால் வரும் தோல்விக்கு ஒரு பெயர், 'இது எங்கள் டிபக்கரின் குறைதான், அறிவோம், இன்னும் திருத்தவில்லை' என்று ஒப்புக்கொள்ளும் தோல்விக்கு வேறொரு பெயர். பிறர் குற்றத்தோடு தம் குற்றத்தைக் கலந்து மறைத்துவிடாமல், தனிக் கணக்கு வைக்கும் இந்த நேர்மை போற்றத்தக்கதன்றோ? தோல்வி வரும் பரீட்சையை அழித்துவிட்டால் பட்டியல் அழகாக இருக்கும். ஆனால் அப்படி அழிக்கப்பட்ட பரீட்சை காக்கவேண்டிய உயிர் யாருடையதோ, யாரறிவார்?

வரலாறு தரும் மூன்று சான்றுகள்

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் பகா எண்களைக் குறித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கணக்கில் மிக நுண்ணிய வேறுபாடு வந்தது. அவர் உடனே எவரையும் குற்றம் சாட்டவில்லை. தம் ஆணைத் தொகுப்பை ஐயுற்றார்; கம்பைலரை ஐயுற்றார்; கணிப்பொறியின் பிற பாகங்களை ஐயுற்றார்; வேறு பொறிகளில் இயக்கி ஒப்பிட்டார். மாதங்கள் கழிந்தன. மற்றவை யாவும் விலக்கப்பட்டபின் எஞ்சி நின்றது இன்டெல்லின் பென்டியம் பிராசஸர். அதன் வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.3338 என வரவேண்டும், அது 1.3337 எனத் தந்தது. பிராசஸர்களை மாற்றித் தர முன்வந்த இன்டெல், அதற்கென 47 கோடியே 50 இலட்சம் டாலரை ஒதுக்க நேர்ந்தது. யாவரும் ஐயுறத் தயங்கும் பிராசஸரும் பிழை செய்யக்கூடும் என்பது முதற் சான்று.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் 'ஏரியான் 5' ஏவுகணை முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் வானிலேயே சிதறியது. முந்தைய 'ஏரியான் 4' ஏவுகணையின் திசையறி கருவிக்கான ஆணைத் தொகுப்பு அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. புதிய ஏவுகணையின் வேகத்தால் எழுந்த பெரிய எண்ணை, 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய இடத்தில் அடைக்க முயன்று அக்கருவி செயலிழந்தது. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், ஒட்டுமொத்தச் சோதனைகளில் மெய்யான கருவியைப் பொருத்தாமல், அதனைப்போல் நடிக்கும் ஏற்பாட்டையே பயன்படுத்தியிருந்தனர். கருவி முன்பே நன்கு சோதிக்கப்பட்டது என்று கருதியதே அதற்குக் காரணம். நடிப்பை மட்டும் நம்பியதன் விலை இது.

மூன்றாவது சான்று மனத்துக்கு ஆறுதல் தருவது. 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் 'பாத்பைண்டர்' விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணிப்பொறி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. முதன்மை வாய்ந்த பணி ஒன்று, முதன்மை குறைந்த பணியின் கையிலிருந்த பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைத்தரப் பணி ஒன்று நடுவே புகுந்து தாமதப்படுத்தியது. காவல் கடிகாரம் பொறுமை இழந்தது. பொறியாளர்கள் பூமியில் தங்களிடமிருந்த மாதிரிப் பொறியில் அதே நிலைமையை உண்டாக்கி, பல மணி நேரம் இயக்கி, நிகழ்ச்சிகளின் தடத்தைப் பதிவு செய்து, பிழையைக் கையும் களவுமாகப் பிடித்தனர். பின்னர் ஒரு சிறிய மாற்றத்தைக் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிச் சரிசெய்தனர். தரையிறங்குவதற்கு முன்னரே, பூமியில் நடந்த சோதனைகளிலும் இப்பிழை எப்போதாவது தலைகாட்டியதுண்டு. மீண்டும் வரவழைத்துப் பிடிக்க முயன்றபோது வரவில்லை. 'சில வேளை மட்டும் தோற்பது' எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

நமக்குரிய பாடம்

பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் பலர் இன்று இத்துறைக்குச் செல்கின்றனர். புதிதாக ஒன்றைப் படைப்பதே பெருமை என்றும், பரீட்சித்துப் பார்ப்பது இரண்டாந்தரப் பணி என்றும் அவர்களுள் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. மருந்து செலுத்தும் பம்பிலோ, வாகனத்தின் பிரேக்கிலோ இயங்கும் ஆணைத் தொகுப்பைத் திருத்துவோர் டிபக்கரை நம்புகின்றனர். அந்த டிபக்கரை நம்பத்தக்கதாக்குபவர், இரவில் நடந்த பரீட்சையின் ஏட்டைக் காலையில் பொறுமையாகப் படிக்கும் பெயர் தெரியாத ஒருவரே. நோயாளியின் படுக்கையருகே அவர் இல்லை. ஆனால் அவருடைய பொறுமை அங்கே இருக்கின்றது.

பெற்றோர்க்கும் இதில் ஒரு பாடமுண்டு. மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்ற ஒரு சொல்லைக் கண்டவுடன் பிள்ளையின்மீது பாய்கின்றோம். கேள்வி புரியவில்லையா? நேரம் போதவில்லையா? கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா? கற்பித்ததில் குறையா? அல்லது உண்மையிலேயே பிள்ளை படிக்கவில்லையா? உயிரற்ற ஒரு போர்டுக்கே இத்தனை கேள்விகளைக் கேட்டபின்னர்தான் தீர்ப்பு வழங்குகின்றனர். உயிருள்ள பிள்ளைக்கு அதனினும் குறைவாகவா கேட்பது?

தோல்வி என்பது முடிவன்று. அது ஒரு கேள்வி. சுருக்கப் பட்டியலை மூடிவிட்டு, முழு ஏட்டைத் திறந்து, முதல் தோல்விக்கு முந்திய வரிகளைப் பொறுமையாகப் படிப்பவருக்கே அக்கேள்வியின் விடை கிட்டும்.